கிணற்றைப் பிடித்தால் வீடு வரும்

வள்ளியூரில் அப்பா தொடங்கிய ஸ்டூடியோவை இப்போது நான் நடத்துகிறேன். கல்யாணம், சடங்கு எல்லாம் ட்ரோன் வைத்திருக்கும் பையன்கள் கைக்குப் போய்விட்டது. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய படத்தைச் சுத்தம் பண்ணிப் பெரிதாக்கிக் கேட்பவர்கள்தான். அதிலும் கோயில் கொடைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பம்பாயிலிருந்து வருகிற கூட்டத்தில் யாராவது ஒருவர், படத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது திரும்பி நின்று கேட்பார்: "அண்ணாச்சி, இதுல பின்னால தெரியுதுல்லா, அதுதான் எங்க பாட்டையா வீடு. திசையன்விளைக்கும் இட்டமொழிக்கும் நடுவுல விளைக்குள்ள எங்கயோ இருந்துச்சாம். இப்பம் போனா வெறும் உடங்காடு. இடத்தைக் கண்டுபிடிக்க வழியுண்டா?"

வழியுண்டு. ஆனால் விளை என்கிற, ஊருக்கு வெளியே உள்ள தோட்ட நிலத்தில், உடைமுள் அடர்ந்த உடங்காட்டுக்குள் வீட்டைத் தேடினால் கிடைக்காது. ஆள் இல்லாத மண்சுவரும் ஓலைக்கூரையும் நாலைந்து ஆடிக்காற்றுக்குமேல் நிற்பதில்லை. மிச்சமிருந்த நிலை, உத்திரம், கல்படி எல்லாவற்றையும் யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். கிணற்றை யாரும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. தூர்த்தால்கூடத் தடம் தெரியும். நம்ம பக்கத்தில் தனி வீடு கட்டியவர்கள் முதலில் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் வாசல்நிலை வைத்தார்கள். ஆகவே படமோ, ஆளோ, பத்திரமோ, எது கையில் வந்தாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: கிணறு எந்தப் பக்கம்?

ஊருக்குள் இருந்த வீட்டைப் பற்றி நான் பேசவில்லை. அதற்கு நத்தம் கணக்கு இருக்கும், பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கும், முடுக்கு இருக்கும். இது விளை வீடு, தோட்டத்து வீடு என்று சொல்கிறோமே, அந்தத் தனி வீடுகளுக்கு. பட்டா நிலத்துக்குள் கட்டியதால் சர்க்கார் கணக்கில் அந்த இடம் வெறும் புஞ்சை. கிணறு வற்றியதும் பிள்ளைகள் தாராவிக்கும் சென்னை மளிகைக் கடைகளுக்கும் போனார்கள். கிழவனும் கிழவியும் கடைசிக் காலத்தில் ஊருக்குள் மகள் வீட்டில் போய் ஒண்டினார்கள். அதோடு முடிந்தது.

படம் எங்கே இருக்கும்

கையில் ஒரு படம் இருந்தாலும் இன்னொன்று வேண்டும். ஒரே படம் ஒரே பக்கத்தைத்தான் காட்டும்.

ஊரில் தேடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் தங்கிய படங்களைக் கரையானும் மழை ஒழுகலும் தின்றிருக்கும். பிழைத்தவை வெளியூருக்குத் தபாலில் போனவை. பிள்ளைக்கு முடி எடுத்தால், காது குத்தினால், புதுமாடு வாங்கினால்கூட, பம்பாய்க்கோ கொழும்புக்கோ ஒரு பிரதி கடிதத்துக்குள் போயிருக்கும். தாராவியில் அறை சின்னது. அதனாலேயே அங்கே எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. முதல் போன் அங்கே போடுங்கள்.

இன்னொன்று சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் இந்த வேலையில் அதைவிடப் பெரிய உதவி கிடையாது. அந்தக் காலத்தில் விளைக்குள் போட்டோக்காரரைக் கூட்டிப் போனது இரண்டே காரியத்துக்கு: கல்யாணம், சாவு. கல்யாணப் படத்தில் பந்தலும் ஜமுக்காளமும் வீட்டை மறைத்துவிடும். சாவுப் படத்தில் அப்படி இல்லை. செத்தவரை வாசலில் நாற்காலியில் உட்கார்த்தி வைத்து, சுற்றிக் குடும்பம் நிற்க, அப்பா பின்வாங்கிப் பின்வாங்கி எல்லோரையும் சட்டத்துக்குள் கொண்டுவருவார். பின்னால் முகப்பு முழுக்க வந்துவிடும்: திண்ணை, கூரையின் சரிவு, ஓரத்தில் மாட்டுத்தொழு, வைக்கோல் படப்பு. "அந்தப் படம் வேண்டாம், பாக்கவே கஷ்டமா இருக்கு" என்று மறைத்து வைத்திருப்பார்கள். பக்குவமாகக் கேளுங்கள். வாங்கினால் முகங்களை விட்டுவிட்டுப் பின்புலத்தை மட்டும் வெட்டி வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் சொல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே கண்ணாடியோடு, நிழலில், கேமராவைப் படத்துக்கு நேர் இணையாகப் பிடித்து எடுங்கள். தளர்ந்த படங்களை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய நெகடிவ் எண்ணும் அங்கேதான் இருக்கும். லேமினேஷன் கூடாது. இன்னொன்று கெஞ்சிக் கேட்கிறேன்: படத்தைத் தெளிவாக்கித் தருகிறேன் என்கிற செயலிகளில் போடாதீர்கள். இல்லாத ஓட்டை அது வரையும், பனையைத் தென்னையாக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், தேடுவதற்கு உதவாது.

படத்தைப் படிப்பது

முதலில் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகடிவைத் தலைகீழாகப் போட்டு அச்சடிப்பது அப்போது சகஜம். ஆண்களின் சட்டைப் பை இடது நெஞ்சில் இருக்க வேண்டும். முந்தானையை வைத்துப் பார்க்கலாம்தான், ஆனால் பழைய ஆச்சிமாரின் சேலைக்கட்டு பல விதம். சட்டைப் பையே நம்பகம். மாறியிருந்தால் கம்ப்யூட்டரில் திருப்பிவிட்டு அப்புறம் பேசுங்கள். இல்லையென்றால் கிணறு வீட்டுக்கு மறுபக்கம் போய்விடும்.

சின்னச் சதுரப் படமாக, ஆறு சென்டிமீட்டருக்கு ஆறு இருந்தால், அது 120 ஃபிலிமில் எடுத்து அப்படியே அச்சிட்டது. ஒரு சுருளில் 12 படம். அக்ஃபா கிளிக் மாதிரிக் கேமராக்கள் வீட்டுப் பிள்ளைகள் கையில் இருந்த காலம், அறுபது எழுபதுகள். ஸ்டூடியோக்காரர் எடுத்தது என்றால் பெரும்பாலும் இரட்டை லென்ஸ் கேமரா. வயிற்றருகே பிடித்து மேலிருந்து குனிந்து பார்ப்பது. செம்மணல் தேரிக்காட்டு ஓரம் மாதிரிச் சமதரையில் இது உதவும். தொடுவானக் கோடு படத்தில் நிற்பவர்களை எந்த உயரத்தில் வெட்டுகிறதோ அதுதான் கேமரா இருந்த உயரம். இடுப்புக்கு மேலே வெட்டினால் எடுத்தவர் தொழில்காரர், முகத்தை வெட்டினால் வீட்டுப் பையன். நீங்கள் அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்கும்போது அதே உயரத்தில் பிடிக்க வேண்டும். போனில் சாதாரணமாக வரும் கோணம் பழைய கேமராவைவிட அகலம். இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பிடித்தால் ஏறக்குறையப் பொருந்தும்.

அளவுக்கு, படத்தில் சைக்கிள் நிற்கிறதா பாருங்கள். நம்மூர் பெரிய சைக்கிளின் சக்கரம் 28 அங்குலம். சுவரோடு சாய்த்து வைத்திருந்தால் அதை வைத்தே திண்ணை உயரம், வாசல் அகலம் எல்லாம் கணக்குப் போடலாம்.

திசைக்கு நிழல். இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் இருப்பது வடக்கே எட்டு எட்டரை டிகிரி. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருடத்தில் இரண்டு முறை வரும், சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒரு முறை, ஆவணி நடுவில் ஒரு முறை. இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் வடக்கேயிருந்து அடிக்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் தலைகீழ். மார்கழி உச்சியில் பத்தடிப் பந்தக்கால் வடக்கே ஆறடிக்கும் கொஞ்சம் கூடுதலாக நிழல் போடும். சாவு நடந்த தேதி குடும்பத்துக்குத் தெரியும், திதி கொடுக்கிறார்களே! தேதியும், காலையா மாலையா என்பதும் தெரிந்தால் நிழலை வைத்து வாசல் எந்தத் திசை பார்த்தது என்று சொல்லிவிடலாம்.

பின்னணியில் மலை தெரிந்தால் கொண்டாட்டம்தான், ஆனால் மலையை அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். திசையன்விளைப் பக்கமிருந்து மகேந்திரகிரி வெகு தூரம். நீங்கள் இருநூறு அடி இடப்பக்கம் நகர்ந்தாலும் மலை இருந்த இடத்திலேயே இருக்கும். அது திசையைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. இடத்தைச் சொல்வது நடுத்தூரத்தில் இருப்பவை: குளத்துக்கரை, கோயில் கோபுரம், தேவாலயக் கோபுரம். ஒரு நடுத்தூரப் பொருள் மலையின் எந்தப் பள்ளத்துக்கு நேரே வருகிறது என்று படத்தில் குறித்துக்கொண்டு, அதே சேர்க்கை கண்ணுக்குக் கிடைக்கும்வரை வடக்கும் தெற்குமாக நடக்க வேண்டும். மழை விட்ட மறுநாள் காலையில் போங்கள், மலை துலக்கமாக இருக்கும். ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் வந்த பிறகு பார்வை மறைந்துபோன இடங்கள் நிறைய. அங்கே மொட்டைமாடி தேடி ஏற வேண்டியதுதான்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

"அந்த வீடு எங்க இருந்துச்சு?" என்று கேட்டால் "அந்தா அங்கனதான்" என்று கை நீளும். கை நீண்ட திசையில் காடு முழுக்கக் கிடக்கும். கேள்வியை மாற்றுங்கள். வீட்டைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

சொந்தக்காரர்களைவிட அந்த வீட்டுக்கு வேலையாக வந்துபோனவர்கள் நன்றாகச் சொல்வார்கள். அந்த விளையில் பனை ஏறியவர், கூரை வேய்ந்தவர், கிணற்றில் தூர் வாரியவர், புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்டவர், பேறுகாலம் பார்த்த மருத்துவச்சியின் மகள், கடிதம் கொண்டுவந்த தபால்காரர், மோட்டார் சரிபார்த்த மெக்கானிக். வீட்டுக்காரருக்கு வீடு பழகிப்போனது, அதனால் விவரம் தங்காது. ஆடு மேய்த்தவருக்கோ வேலியில் எந்த இடத்தில் ஓட்டை, எந்தப் பக்கம் நாய் கட்டிக்கிடக்கும், எங்கே தண்ணீர் காட்ட விடுவார்கள் என்பது அறுபது வருடம் கழித்தும் அடையாளத்தோடு நினைவிருக்கிறது.

சொந்தக்காரர்களில் என்றால் கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகள். ஆண்மக்கள் அங்கேயே இருந்து, தொழுவை இடித்து, ஓலையை எடுத்து ஓடு போட்டு, பம்பு ரூம் கட்டி, எல்லாவற்றையும் பார்த்ததால் எது முன்னே எது பின்னே என்று குழம்பிக் கிடப்பார்கள். மகளுக்குக் கல்யாணத்தன்று விட்டுவந்த வீடு அப்படியே இருக்கும். கல்யாணத் தேதி பத்திரிகையில் உண்டு. பத்திரிகை போனாலும் சீர்ப் பாத்திரத்தில் பெயரும் வருடமும் வெட்டியிருப்பார்கள். ஆக அவர் சொல்வது எந்த வருடத்து வீடு என்பதும் தெரிந்துவிடுகிறது.

தாராவிக் குடும்பம் ஒன்றுக்கு இப்படித்தான் வழி திறந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு சாவுப் படம், வாசல் கிழக்கே பார்த்தது என்பதுவரை நிழலை வைத்துச் சொல்லிவிட்டேன். கிணறு படத்தில் இல்லை. அந்த வீட்டில் பிறந்து நாங்குநேரிப் பக்கம் வாக்கப்பட்ட ஓர் ஆச்சியைப் பார்க்கப் போனோம். படத்தை நான் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

"ஆச்சி, காலையில எந்திரிச்சதும் மொத வேலை என்ன?"

"தண்ணி எடுக்கதுதான். வேற என்ன வேலை."

"குடத்தோட போகயில வெயில் எங்கன அடிக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். "போகயில முதுகுல சுடும். வரயில மூஞ்சில அடிக்கும், கண்ணு கூசும். புளியமரம் வந்ததும்தான் நிழலு. அங்கன குடத்த எறக்கி வச்சு இடுப்பு மாத்துவேன்."

வீட்டுக்கு மேற்கே கிணறு, இடையில் ஒரு புளி. இடுப்பு மாற்றும் அளவுக்குத் தூரம். இதை யாரும் வரைபடத்தில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

படத்தை ஏன் பைக்குள் வைத்திருந்தேன் என்றால், முதலில் காட்டிவிட்டால் அப்புறம் அவர்கள் படத்தைத்தான் சொல்வார்கள். நினைவு பின்னால் போய்விடும். முழுக்கக் கேட்டு முடித்து, குச்சியால் தரையில் ஒரு கோடும் போடச் சொல்லி, கடைசியில்தான் படம். அப்போது சண்டை வரும்: "இது எங்க வீடில்ல, பந்தக்கால் இந்தப் பக்கமில்லா இருக்கும்!" என்பார்கள். அந்தச் சண்டை மிகவும் நல்லது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒன்றைச் செய்யாதீர்கள். கிணறு இரண்டாக இருந்தாலும் இருந்திருக்கும்.

வருடம் கேட்பது வீண். "கரண்ட் வரதுக்கு முந்தியா பிந்தியா?", "மாடு கட்டிக் கமலை இறைச்ச காலமா, மோட்டாரா?", "காமராஜ் செத்தப்ப அந்த வீட்ல ஆள் இருந்தாகளா?" என்று கேளுங்கள். காமராஜ் இறந்தது 1975 அக்டோபர் 2. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24. தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு 1992 நவம்பர் வெள்ளம். கீழ்ப்பக்கத்து ஆட்களுக்கு இனிமேல் 2023 டிசம்பர் மழைதான் அளவுகோல். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதில் கரைந்துபோன பழைய மண்சுவர்கள் எத்தனையோ.

ஒரு எச்சரிக்கை. வெளியூரிலிருந்து வந்து நிலத்தைப் பற்றி விசாரித்தால், பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். வாயைத் திறந்ததும் பட்டா, சர்வே நம்பர் என்று பேசாதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூடக் கூட்டிப் போங்கள், யார் மகன் யார் பேத்தி என்று அவர் சொல்லட்டும். ஊரில் சில குடும்பங்கள் ஏன் விளையை விட்டுப் போனார்கள் என்பதற்குப் பின்னால் சாதிப் பிணக்கு இருக்கும். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நோண்டாதீர்கள்.

ஆள் கிடைக்கவே இல்லையா, பங்குனி உத்திரத்தன்று அந்தக் குடும்பத்தின் சாஸ்தா கோயிலுக்குப் போய் நில்லுங்கள். எங்கெங்கோ சிதறிப்போன வகையறா எல்லாம் அன்று ஒரே மரத்தடியில் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும். சுடலைமாடன் கொடை நடத்துகிற இடமென்றால் வரி நோட்டைக் கேட்டுப் பாருங்கள். தலைக்கட்டு வாரியாக யார் யார் வரி கொடுத்தார்கள் என்று பழைய நோட்டுகளில் இருக்கும். விளைக்குள் இருந்தவர்களுக்குப் பெயருக்கு முன்னால் விளையின் பெயரையும் சேர்த்து எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கல்யாண மொய் நோட்டும் இதே மாதிரி. கிறிஸ்தவக் குடும்பமானால் சேகரம் என்கிற சபை வட்டாரத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. இடையன்குடியில் கால்டுவெல் வந்து தங்கியதே 1841-ல்; அந்த வட்டாரத்தில் சபைக் கணக்குகள் சர்க்கார் கணக்கைவிடப் பழையவையாக இருந்தால் ஆச்சரியமில்லை. குருவானவரிடம் முறையாக எழுதிக் கேட்டால் காட்டுவார்கள்.

காகிதம்

பத்திரம் ஒன்று கிடைத்தால் மேலே இருக்கிற பெயர்களைத் தாண்டி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். சொத்து விவரத்தில் நான்குமால் இருக்கும்: கிழக்கே யார் புஞ்சை, மேற்கே எந்த ஓடை, வடக்கே எந்த வண்டிப்பாதை. அதற்கடுத்து மாவடை மரவடை என்கிற மரக் கணக்கு, பனை எண்ணிக்கை, கிணற்றில் எத்தனை பங்கு, நடைபாதைப் பாத்தியம். அந்தத் தாராவிக் குடும்பத்தின் பத்திரத்தில் வீடு என்ற வார்த்தையே இல்லை. ஆனால் கிணற்றில் பாதிப் பங்கு இருந்தது, மறுபாதி யாருக்கு என்பதும் இருந்தது. அந்த மறுபாதிக்காரரின் வாரிசுகள் இன்றும் உள்ளூரில்தான் இருக்கிறார்கள்.

பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஆவணியிலிருந்து மார்கழி நடுவரை 824-ஐக் கூட்டுங்கள், அதற்குப் பிறகு ஆடி முடிய 825. கொல்லம் 1110 ஆவணி என்றால் 1934.

சர்வே நம்பரில்தான் ஆட்கள் வழுக்கி விழுவார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்கிற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் ஏக்கர் சென்ட் எல்லாம் ஹெக்டேர் ஏர் ஆயிற்று, உட்பிரிவுகள் மாறின. பழைய பத்திரத்து எண்ணை அப்படியே இணையத்தில் போட்டால் வேறொருவர் நிலம் வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பார்த்துப் பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு ஏர் 2.47 சென்ட். அதன்பின் அந்த எண்ணுக்கான நில அளவைப் படமான புலப்படத்தை எடுத்தால் கிணறு பல நேரம் அதிலேயே ஒரு சின்ன வட்டமாகக் குறித்திருக்கும்.

எந்த அலுவலகம் என்பதும் குழப்பம்தான். சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கம் 1986 அக்டோபரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து இன்றைய தூத்துக்குடி மாவட்டமாகப் போயிற்று. தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் 2019 நவம்பரில். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர், 1949-லிருந்து 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று அச்சடித்த கல்யாணப் பத்திரிகை கையில் கிடைத்தால் 1986-க்கும் 1997-க்கும் இடைப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்று 1975-லிருந்து இணையத்தில் பார்க்கலாம், அதற்கு முந்தியது அங்கே கிடைக்கவில்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு. வீட்டுத் தீர்வை ரசீது, ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் பட்டியல் எல்லாம் ஆள் இருந்ததைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது.

அண்ணன் தம்பி வழக்குப் போட்டிருந்தால் மட்டும் சந்தோஷப்படுங்கள். பாகப்பிரிவினை வழக்கில் நீதிமன்றம் ஆணையரை அனுப்பியிருந்தால், அவர் வீட்டையும் தொழுவையும் களத்தையும் அடிக்கணக்கில் அளந்து படம் போட்டுக் கொடுத்திருப்பார். குடும்பச் சண்டை இல்லாத வீடுகளுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது.

காட்டுக்குள் இறங்குவது

போவதற்கு முன் கம்ப்யூட்டரில் ஒரு சுற்று. கூகுள் எர்த் ப்ரோவில் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். அதற்கும் முந்தியதற்கு, 1960-லிருந்து 1972 வரை அமெரிக்கா எடுத்த 'கொரோனா' உளவுச் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. 1995-ல் ரகசியம் நீக்கிவிட்டார்கள். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் 'எர்த் எக்ஸ்ப்ளோரர்' தளத்தில், ஏற்கெனவே ஸ்கேன் ஆனவற்றை இலவசமாக இறக்கலாம். நல்ல படங்களில் இரண்டு மீட்டர் அளவுள்ளதுவரை தெரியும். ஓலை வீடு தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதையைத் தேடுங்கள். செம்மண்ணில் கால்தடப் பாதைகள் வெளிறிய கோடாகத் தெரியும். நாலைந்து கோடுகள் ஒரே புள்ளிக்கு வந்தால் அங்கே கிணறோ வீடோ இருந்திருக்கிறது.

பங்குனி சித்திரைதான் நல்ல பருவம். புல் காய்ந்து தரை தெரியும். விடிந்ததும் போங்கள். சாய்வான வெயிலில் அரையடி மேடும் நிழல் போடும், சுவர் இருந்த கோடு தானாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் எல்லாம் தட்டையாகிவிடும். ஆனி ஆடியில் தேரிப் பக்கம் போகவே வேண்டாம். மணல் கண்ணில் அடிக்கும், நேற்றுப் பார்த்த மேடு இன்று வேறிடத்தில் இருக்கும். ஐப்பசி முதல் மழைக்குப் பத்து நாள் கழித்து ஒரு முறை போனால் இன்னொரு லாபம்: காரைத் தரை புதைந்த இடத்தில் புல் சோணங்கியாக இருக்கும், எருக்குழியும் தொழுவும் இருந்த இடத்தில் திமிறிக்கொண்டு வரும்.

தனியாகப் போகாதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணற்றை சீமைக்கருவேலம் மூடிக்கிடக்கும், காலை வைக்கும்வரை தெரியாது. கம்பால் தட்டித் தட்டிப் போங்கள். சுருட்டை விரியன் அந்தக் கல்லிடுக்குகளில்தான் இருக்கும். முழங்கால்வரை மூடும் செருப்பு வேண்டும்.

கிணறு கமலை இறைத்ததா என்று பாருங்கள். வாயில் ஒரு பக்கம் கயிறு தேய்த்த கல் இருக்கும். அங்கிருந்து மாடு இழுத்துக்கொண்டு இறங்கிய சரிவு தூர்ந்துபோனாலும் நீளமான பள்ளமாகத் தெரியும். வீடு அந்தச் சரிவுப் பக்கம் இருந்து நான் பார்த்ததில்லை. மாடு மிதிக்கிற இடத்தில் யார் அடுக்களை வைப்பார்கள்? மற்ற மூன்று பக்கமும் தேடுங்கள்.

அப்புறம் மரங்கள். காட்டுக்குள் தானாக வராதவற்றைத் தேட வேண்டும். முருங்கை, கறிவேப்பிலை, பூவரசு, வரிசையாக நிற்கும் கிளுவை வேலி, செவ்வரளி. செவ்வரளி நின்றால் பக்கத்தில் ஒரு பீடம் இருந்திருக்கும், கும்பிட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பனை மட்டும் பொல்லாத சாட்சி. படத்தில் வளைந்து நின்ற பனை இன்றும் நிற்கும் என்று நம்பிப் போனால், செங்கல் சூளைக்கு என்றைக்கோ போயிருக்கும்.

தரையில் கறுப்புச் சாம்பலும், செங்கலாகவே வெந்துபோன சிவப்பு மண்ணும் கலந்து கிடந்தால் அது விடிலி, பதநீர் காய்ச்சிய இடம். அதை வீட்டு அடுப்பு என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டுக்கு அடையாளம் அம்மி, ஆட்டுரல், கழுநீர்க் கல்தொட்டி. எடுத்துப் போக முடியாத ஆட்டுரல் குழி நிறைய மண்ணோடு கிடக்கும். ஓட்டுத் துண்டு கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், அடியில் தொழிற்சாலைப் பெயர் இருக்கும். காமன்வெல்த் என்றிருந்தால் முதல் உலகப் போருக்குப் பிந்தையது, பாசல் மிஷனின் ஓட்டு ஆலைகள் அவர்கள் கைக்கு மாறியது அப்போதுதான். ஆனால் ஓடு வீடு விட்டு வீடு மாறும் பொருள். அதை வைத்து வீட்டுக்கு வயது சொல்லிவிட முடியாது; அதற்கு முந்தியது இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

ஆச்சி சொன்ன புளி அங்கே இல்லை. வேர்க்கட்டை மட்டும் இருந்தது. கிணற்றின் மறுபாதிக்காரர் வீட்டுப் பெரியவர் கூட வந்து, "ஆமா, எங்கய்யா வித்துட்டாவ" என்று உறுதிசெய்தார். அதிலிருந்து கிழக்கே நடந்து, உடங்காட்டுக்குள் ஆட்டுரலைப் பார்த்தோம். சாவுப் படத்தில் திண்ணைக்கு வடக்கே தெரிந்த அதே உரல், வாயில் அதே பக்கம் உடைசல்.

இடம் கிடைத்ததும் போனில் புள்ளியைக் குறியுங்கள். நான்கு திசையும் ஒவ்வொரு படம், எந்தத் திசை என்று சொல்லியபடியே எடுங்கள். எதையும் பெயர்த்து எடுத்து வராதீர்கள், நிலம் இன்று வேறொருவருடையது. உரல் வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

அதன்பின் பிரதிகள். சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒரு படம் காகிதத்தில் கொடுங்கள், போனில் அனுப்பினால் போதாது. பழைய படமும் புதிய படமும் ஒரே தாளில், எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் போட்டால் கண்ணாடி இல்லாமலே பெரியவர்களுக்குத் தெரியும். பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள்: விளையின் பெயர், பழைய எண், புதிய எண், கிணற்றிலிருந்து எத்தனை அடி எந்தத் திசை, எதை யார் சொன்னார்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் முகத்தில் வந்து விழும்.